டெக்சஸ் புரட்சி ஏன் வந்தது, அதன் விளைவு என்ன?

மெக்சிகோவுக்குச் சொந்தமான டெக்சஸில் குடியேறிய அமெரிக்கர்கள் 1835-36இல் கிளர்ந்தெழுந்து தனிநாடு அமைத்ததே டெக்சஸ் புரட்சி. ஆள் குறைவான நிலத்தை நிரப்ப அவர்களை அழைத்ததே மெக்சிகோதான். குத்தகைக்கு வந்தவர்கள் பெருகி, தோப்புக்காரர் பேச்சு எடுபடாமல் போவதைப் போல ஆனது.

1829இல் மெக்சிகோ அடிமைமுறையை ஒழிக்க ஆணையிட்டது. அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்தவர்களுக்கு அது கசந்தது. 1830இல் அமெரிக்கக் குடியேற்றத்துக்கும் தடை. அப்புறம் மெக்சிகோ அதிபர் சாந்தா அன்னா மாநில உரிமைகளைப் பறித்ததும் போர் மூண்டது. டெக்சஸ்காரர்கள் காத்து நின்ற அலமோ கோட்டை மெக்சிகோ படையிடம் விழுந்தது. ஆனால் ஏழே வாரத்துக்குள், சான் ஹசிந்தோவில் மதிய ஓய்வில் இருந்த மெக்சிகோ படை, டெக்சஸ் படை தாக்கியதும் சுமார் 18 நிமிடத்தில் சிதறியது.

விடுதலை எல்லோருக்கும் இல்லை: புதுநாட்டின் அரசியல் சட்டம் அடிமைமுறையைக் காத்தது. இதை மறைத்துச் சொல்வது நியாயமே இல்லை.

வென்றதும் டெக்சஸ் அமெரிக்காவோடு சேர்ந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். 1845 வரை அது தனிநாடு.