நாளைக்கு ஆட்டம்: இரண்டு அணிகளை எப்படி எடைபோடுவது?

கேள்வி: மகன் அமெரிக்காவில் படிக்கிறான். அவனுடைய கல்லூரி அணி, அமெரிக்கக் கல்லூரி அணிகள் மோதும் என்சிஏஏ கூடைப்பந்துப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறது. பள்ளி நாட்களில் நானும் ஆடியிருக்கிறேன், ஆட்டம் புரியும். ஆனால் "நாளைக்கு யாருப்பா ஜெயிப்பாங்க?" என்று அவன் கேட்டால் சீட் எண்ணையும் வெற்றி தோல்விக் கணக்கையும் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆட்டத்துக்கு முந்தைய நாள் எதை எதைப் பார்க்க வேண்டும்? ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாது.

பதில்: ஒரு மணி நேரம் தாராளம். சீட் எண்ணில் தொடங்குவதிலும் தப்பில்லை. 68 அணிகளை நான்கு மண்டலமாகப் பிரித்து, பலமான அணிக்கு 1, அடுத்ததற்கு 2 என்று 16 வரை எண் போடுகிறார்கள்; இதுதான் சீட். பருவம் முழுக்க ஒரு அணி எப்படி ஆடியது என்பதற்குத் தேர்வுக்குழு தரும் மதிப்பெண் அது. ஆனால் நாளைக்கு எதிரே நிற்கப்போகிற அந்த ஐந்து பேரைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. அதனால் "எந்த அணி பெரிய அணி?" என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு இதைக் கேளுங்கள்: இந்த அணி எந்த ஷாட்டை நம்பிப் பிழைக்கிறது? எதிரணியால் அதைப் பிடுங்க முடியுமா? பிடுங்கினால் பதிலுக்கு எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்?

ஒரே அணிக்கு அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் நடந்ததைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

2023 மார்ச் 17. முதல் சீட் பர்டூ, பதினாறாவது சீட் ஃபேர்லி டிக்கின்சன். பர்டூவின் சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆள்) ஸாக் ஈடி 7 அடி 4 அங்குலம். ஃபேர்லி டிக்கின்சனோ நாட்டிலேயே உயரம் குறைந்த அணி. காகிதத்தில் பார்த்தால் இது ஆட்டமே இல்லை. ஆனால் அந்தச் சின்ன அணியின் பயிற்சியாளர் டோபின் ஆண்டர்சன், பர்டூ ஆடுவதைப் பார்க்கப் பார்க்க நம்மால் ஜெயிக்க முடியும் என்று தோன்றுகிறது என்று தன் பையன்களிடம் முன்பே சொல்லியிருந்தார். வாய்ச்சவடால் என்று நினைத்தவர்கள் நிறைய. அவரோ ஒன்றைக் கவனித்திருந்தார். பர்டூவுக்குப் பந்தைக் கொண்டுவரும் கார்டுகள் இரண்டு பேருமே முதலாண்டு மாணவர்கள். வெளியிலிருந்து போடும் த்ரீயும் (மூன்று புள்ளி ஷாட்) அந்த வருடம் அவ்வளவு நம்பகமில்லை.

அதனால் முழு மைதானத்துக்கும் பிரஸ் (பந்து கிளம்பும் இடத்திலிருந்தே நெருக்கும் தடுப்பு) போட்டுக் கார்டுகளை அலைக்கழித்தார்கள். ஈடிக்கு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். அவன் கைக்குப் பந்து போனதும் மூன்றாவது ஆள் கீழேயிருந்து தட்டிவிட ஓடிவருவான். வெளியே நின்ற பர்டூ ஆட்களை நன்றாகத் தள்ளி நின்று, போட்டுக்கொள் என்று விட்டுவிட்டார்கள். அவர்களும் போட்டார்கள்: 26 த்ரீயில் 5தான் விழுந்தது. டர்னோவர் (ஷாட் எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது) 16. ஈடி 21 புள்ளி, 15 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டில் பந்தைப் பிடிப்பது) எடுத்தும் ஆட்டம் 63-58 என்று கைவிட்டுப் போனது.

இப்போது 2024 ஏப்ரல் 8. அதே பர்டூ, அதே ஈடி, இந்த முறை இறுதி ஆட்டத்தில் எதிரே யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்). அந்தக் கார்டுகள் ஒரு வருடம் முதிர்ந்திருந்தார்கள். த்ரீயில் பர்டூ நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றாக மாறியிருந்தது, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். போன வருடத்துத் திட்டத்தையே எடுத்து ஆடியிருந்தால் யூகான் அடிவாங்கியிருக்கும். பயிற்சியாளர் டேன் ஹர்லி நேர் எதிராக யோசித்தார். 7 அடி 2 அங்குல டோனவன் கிளிங்கனை ஈடியோடு பெரும்பாலும் தனியாக விட்டார். மற்ற நால்வரும் தங்கள் ஆளை விட்டு ஒரு அடி நகரவில்லை. ஈடி 37 புள்ளி எடுத்தான். பர்டூ மொத்தமே 60தான். மீதிப் பேர் எல்லோரும் சேர்ந்து 23. அந்த அணி ஆட்டம் முழுக்க எறிந்த த்ரீ வெறும் 7, விழுந்தது ஒன்று. யூகான் 75-60 என்று கோப்பையைத் தூக்கியது.

ஈடியை அடக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? அந்த வருடம் அவனைச் சுற்றி நின்றவர்கள் யார் என்பதைப் பொறுத்த விஷயம் அது. நீங்கள் பார்க்கப்போகும் ஆட்டத்திலும் முக்கியமான ஆள் ஒருவன் இருப்பான். அவனை மட்டும் பார்க்காதீர்கள். அவனைச் சுற்றியிருப்பவர்களைப் பாருங்கள்.

சரி, இதை எண்களில் எங்கே தேடுவது? ஒரு ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளி என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். வேகமாக ஓடி ஆடும் அணிக்குப் புள்ளி நிறைய வரும், நிதானமாக ஆடும் அணிக்குக் குறையும். ஒப்பிட வேண்டியது ஒரு பொசஷனுக்கு (பந்து ஒரு அணியின் கையில் இருக்கும் ஒரு முறை) எத்தனை புள்ளி என்பதை. பாக்ஸ் ஸ்கோர் (ஆட்டத்தின் எண் அட்டவணை) கையில் இருந்தால் நீங்களே போடலாம். எறிந்த ஷாட்களில் தாக்குதல் ரீபவுண்டை (தவறிய தன் ஷாட்டைத் தானே மீட்பது) கழித்து, டர்னோவரைக் கூட்டி, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா ஷாட்) முயற்சிகளை 0.475ஆல் பெருக்கிச் சேர்த்தால் பொசஷன் எண்ணிக்கை கிட்டத்தட்ட வந்துவிடும். உதாரணத்துக்கு, 60 ஷாட், 10 தாக்குதல் ரீபவுண்ட், 12 டர்னோவர், 20 ஃப்ரீ த்ரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 60இல் 10 போனால் 50, டர்னோவரோடு 62, ஃப்ரீ த்ரோவுக்கு 9.5 சேர்த்தால் 71.5. அணி எடுத்தது 75 புள்ளி என்றால் நூறு பொசஷனுக்குச் சுமார் 105. கென் பாமராயின் புள்ளிவிவரத் தளம் போன்றவை இதையே எதிரணியின் தரத்துக்கு ஏற்பச் சரிசெய்து எல்லா அணிக்கும் போட்டுத் தருகின்றன. பலவீனமான லீகில் குவித்த எண்ணையும் கடினமான லீகில் எடுத்த எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்பதால் அந்தச் சரிசெய்தல் முக்கியம்.

அடுத்து, கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் வகுத்துத் தந்த நான்கு காரணிகள்: ஷாட் துல்லியம், டர்னோவர், தாக்குதல் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. நான்கும் சம எடை இல்லை. துல்லியத்துக்கு 40, டர்னோவருக்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோவுக்கு 15 என்று அவர் பங்கு பிரித்தார். துல்லியம் கணக்கிடும்போது விழுந்த ஒவ்வொரு த்ரீயையும் ஒன்றரை ஷாட்டாக எண்ண வேண்டும். உங்கள் அணியின் தாக்குதல் எண்ணை எதிரணியின் தடுப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள், தாக்குதலைத் தாக்குதலோடு ஒப்பிட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். உங்கள் கார்டுகள் பந்தைத் தொலைக்காதவர்கள், எதிரணி பந்தைப் பறித்தே பிழைக்கிற அணி என்றால் அதுதான் நாளைய ஆட்டத்தின் சண்டை. மகனிடம் அதைச் சொல்லுங்கள்.

எதிரணியின் த்ரீ தடுப்பைப் பார்க்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. "இவர்களுக்கு எதிராக யாரும் முப்பது சதவீதத்துக்கு மேல் போட்டதில்லை" என்று டிவியில் சொல்வார்கள். பந்து கையை விட்டுப் போன பிறகு அது விழுவதும் விழாததும் பெரும்பாலும் தடுப்பவன் கையில் இல்லை. எத்தனை த்ரீ எறியவிடுகிறான் என்பதுதான் அவன் கையில் இருக்கிறது. யூகான் செய்தது அதைத்தான். பர்டூவின் சதவீதத்தைக் குறைக்கப் பார்க்கவில்லை, எண்ணிக்கையையே ஏழில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே எதிரணி ஆட்டத்துக்கு எத்தனை த்ரீ விட்டுக்கொடுக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

ஆட்டத்தின் வேகத்தையும் பார்க்க வேண்டும். பலமான அணிக்குப் பொசஷன் அதிகமாக இருப்பது நல்லது, அதன் உயர்வு வெளிப்பட நேரம் கிடைக்கும். பொசஷன் குறைந்தால் நாலு த்ரீ விழுவதும் தவறுவதும் ஆட்டத்தையே புரட்டிவிடும். 2018 மார்ச் 16 அன்று முதல் சீட் வர்ஜீனியா, பதினாறாவது சீட் யூஎம்பிசியிடம் (மேரிலாந்து பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுன்டி) 74-54 என்று தோற்றது. ஆண்கள் போட்டியில் பதினாறாவது சீட் முதல் சீட்டை வீழ்த்தியது அதுதான் முதல் தடவை. வர்ஜீனியா வேண்டுமென்றே மெதுவாக ஆடும் அணி. இடைவேளையில் 21-21. அந்த மெதுவான ஆட்டத்தில் பதினாறாவது சீட் சமமாக நின்றதே அதற்குப் பெரிய தெம்பு. இரண்டாம் பாதியில் அவர்கள் 53 எடுத்தார்கள். பின்தங்கிய பிறகு வேகத்தைக் கூட்ட வர்ஜீனியாவுக்குப் பழக்கமில்லை, 22 த்ரீயில் 4தான் போட்டது.

அந்த ஆட்டத்தில் இன்னொன்றும் உண்டு. வர்ஜீனியாவின் டியான்ட்ரே ஹன்டர் போட்டி தொடங்கச் சில நாள் முன்பு மணிக்கட்டு உடைந்து ஒதுங்கிவிட்டான். உயரமானவனையும் மறிப்பான், சின்ன கார்டையும் துரத்துவான், அப்படிப்பட்ட ஆள். வர்ஜீனியாவின் பருவ எண்கள் எல்லாம் அவனையும் சேர்த்து வந்தவை, களத்தில் நின்றது அவன் இல்லாத அணி. அதனால் எண்களில் மூழ்குவதற்கு முன் காயப்பட்டியலைப் பார்த்துவிடுங்கள். யார் இல்லை என்பதோடு நிறுத்தாமல், அவன் வழக்கமாக யாரை மறிப்பான், இனி அந்த வேலை யார் தலையில் விழும் என்றும் யோசியுங்கள்.

மீதி நேரத்தில் வீடியோ பாருங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம், அதில் விழுந்த பந்து மட்டும்தான் இருக்கும். எதிரணி இதற்கு முன் உங்கள் அணி மாதிரியே ஆடும் ஒரு அணியோடு மோதிய ஆட்டம் ஒன்றை எடுத்து, அதில் பத்து நிமிடம் பார்த்தால் போதும். ஸ்க்ரீன் போடும் தருணத்தைக் கவனியுங்கள்: தடுப்பவனின் வழியில் நின்று மறைப்பதுதான் ஸ்க்ரீன். கார்டு பந்தோடு வருகிறான், சென்டர் வந்து ஸ்க்ரீன் போடுகிறான். அந்த நொடியில் சென்டரை மறிப்பவன் என்ன செய்கிறான்? கூடைக்கு அருகே பின்வாங்கி நிற்கிறானா, மேலே ஏறி வந்து கார்டை மறிக்கிறானா, இல்லை ஆளையே மாற்றிக்கொள்கிறார்களா? பின்வாங்கி நிற்கும் அணிக்கு எதிராக ஸ்க்ரீனைத் தாண்டியதும் நின்று எறியத் தெரிந்த கார்டு உங்களிடம் இருந்தால் கொண்டாட்டம்தான். ஆளை மாற்றிக்கொள்ளும் அணி என்றால் ஒரு குள்ளமான கார்டு உங்கள் சென்டரோடு மாட்டிக்கொள்வான், அப்போது பந்து உள்ளே போக வேண்டும்.

ஜோன் தடுப்பு (ஆளை விட்டு இடத்தைக் காப்பது) ஆடும் அணி எதிரே வந்தால், ஆட்டங்களுக்கு இடையே எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள். வியாழன் முதல் சுற்று என்றால் சனிக்கிழமை அடுத்தது, நடுவில் ஒரே நாள். பழக்கமில்லாத ஜோனுக்கு அந்த ஒரு நாளில் தயாராவது கஷ்டம். பயிற்சியாளர் ஜிம் போஹைமின் சிராக்யூஸ் 2016இல் பத்தாவது சீட்டாக வந்து கடைசி நான்கு வரை போனதில் அவர்களுடைய 2-3 ஜோனுக்கு (முன்னால் இருவர், பின்னால் மூவர்) பெரிய பங்கு உண்டு. ஜோனுக்கும் ஓட்டை இருக்கிறது. ஆளுக்கு ஆள் மறிக்காததால், ஷாட் தவறியதும் யாரைத் தள்ளி நிறுத்துவது என்ற குழப்பம் வரும். உங்கள் அணி தாக்குதல் ரீபவுண்டில் பலமானது என்றால் அங்கே அறுவடை செய்யலாம்.

இவ்வளவையும் பார்த்த பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று வரி எழுதிவையுங்கள்: எதிரணி எந்த ஷாட்டை நம்புகிறது, நாம் அதைப் பிடுங்க என்ன விட்டுக்கொடுப்போம், அப்படி விட்ட ஷாட்டை எறியப்போவது யார். ஆட்டம் தொடங்கியதும் ஸ்கோரைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பாதியும் 20 நிமிடம், கடிகாரம் 16க்குக் கீழே போனதும் ஆட்டம் நிற்கும்போது முதல் டிவி இடைவேளை வரும். அதற்குள் அவர்கள் சென்டரை இரண்டு பேர் சூழ்கிறார்களா ஒருவர்தானா, யாரைத் தள்ளி நின்று எறியவிடுகிறார்கள், நம் ஆட்களில் யாருக்கு ஃபவுல் விழுந்திருக்கிறது என்று கவனித்துவிட்டால் உங்கள் காகிதத்தில் எந்த வரி சரி, எந்த வரி தப்பு என்று தெரிந்துவிடும். விளம்பரம் ஓடும் அந்த இரண்டு நிமிடத்தில் மகனுக்கு ஃபோன் போடுங்கள்.