ஜெராக்ஸ் குடுத்தாச்சு, இப்ப இன்னா பண்றது?

கேள்வி: மாமியாருக்கு செக்கப்புக்காக வேலூர் வந்து காந்தி ரோட்டுல ஒரு லாட்ஜ்ல மூணு நாள் தங்கினோம். ஆதார் ஜெராக்ஸ் வாங்கிக்கிட்டாங்க. காலி பண்றப்போ பார்த்தா ஒரு தாளோட பின்பக்கத்துல தான் எங்க பில்லு கணக்கு போட்டுக்கீறாங்க, திருப்பிப் பார்த்தா அது வேற யாரோ ஒரு அம்மாவோட ஆதார் ஜெராக்ஸ். அன்னைல இருந்து தூக்கமே வரல. எங்க காப்பிய வெச்சி யாராச்சும் சிம் வாங்கிட்டா, லோன் போட்டுட்டா இன்னா பண்றது?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, முதல்ல ஒரு விஷயம், வெறும் ஜெராக்ஸ வெச்சி சிம் வாங்குறது இப்ப முன்ன மாதிரி சுலபம் இல்ல. பேப்பர்ல ஃபாரம் எழுதி சிம் தர்றத 2024 ஜனவரியோட நிறுத்திட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே உங்க பேர்ல ஏதாச்சும் வாங்கி இருந்தா? அதைப் பார்த்துடலாம். சஞ்சார் சாத்தின்னு மத்திய அரசோட வெப்சைட் இருக்கு, உங்க நம்பர் போட்டு ஓடிபி அடிச்சா உங்க பேர்ல எத்தனை நம்பர் ஓடுதுன்னு காட்டும். தெரியாத நம்பர் இருந்தா "என் நம்பர் இல்லை"ன்னு அங்கயே புகார் பண்ணலாம்.

லோனுக்கு, சிபில் மாதிரி நாலு கம்பெனி நம்ம கடன் கணக்க வெச்சிருக்கு. ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்ட இலவசமா குடுத்தே ஆகணும். வாங்கிப் பாருங்க, நீங்க வாங்காத கடன் அதுல இருந்தா உடனே அந்த பேங்குக்கும் சிபிலுக்கும் எழுதுங்க. காசே போயிடுச்சின்னா ஒரு நிமிஷமும் யோசிக்காம 1930க்கு, அதான் சைபர் திருட்டு புகார் நம்பருக்கு, போன் பண்ணணும்.

இன்னொண்ணு, கைரேகைய லாக் பண்ணிடுங்க. அரசோட ஆதார் ஆப்லயே பண்ணலாம், ஆதார் நம்பரும் போலி கைரேகையும் வெச்சி பேங்க்ல காசு எடுக்குற திருட்டு எல்லாம் நடந்திருக்கு, அதுக்கு இது தான் பூட்டு. ஆனா ரேஷன் கடைல விரல் வெக்கப் போறதுக்கு முன்னாடி மறக்காம அன்லாக் பண்ணிட்டு போங்க, இல்லன்னா வரிசைல நின்னுட்டு சும்மா திரும்பி வரணும்.

அடுத்த தடவைக்கு சொல்றேன். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எங்கெங்கயோ இருந்து, கல்கத்தா பக்கம் இருந்தெல்லாம் ஜனங்க வந்து மாசக்கணக்குல தங்குற ஊரு இது, லாட்ஜ்காரங்க போலீசுக்காக ரெஜிஸ்டர் வெச்சே ஆகணும், அதனால ஐடி தர மாட்டேன்னு நாம சண்டை போட முடியாது. ஆனா காட்டுறது வேற, குடுத்துட்டு வர்றது வேற. கார்டைக் காட்டி ரெஜிஸ்டர்ல எழுதிக்கச் சொல்லுங்க. காப்பி வேணும்னே நின்னாங்கன்னா மாஸ்க்டு ஆதார் குடுங்க, ஆதார் வெப்சைட்ல டவுன்லோட் பண்றப்பவே அந்த ஆப்ஷன் இருக்கு, 12 நம்பர்ல கடைசி 4 மட்டும் தான் தெரியும். அதுலயும் குறுக்கால பேனாவுல "இந்த லாட்ஜ்ல தங்க மட்டும்"னு தேதியோட எழுதி கையெழுத்து போடுங்க, எழுத்து போட்டோ மேலயும் பேர் மேலயும் கொஞ்சம் ஏறி வரணும், ஓரமா எழுதினா அதை மறைச்சிட்டு மறுபடி ஜெராக்ஸ் எடுத்துடலாம். பான் கார்டு கேட்டா குடுக்காதீங்க, ஒரே தடவைல ரொக்கமா பெரிய தொகை கட்டினா தான் பான் கேப்பாங்க, மத்தபடி சாதாரண ரூம் வாடகைக்கு அது வேணாம்.

கேள்வி: துணிக்கடைல பில் போடணும்னா போன் நம்பர் சொல்லியே ஆகணும்னு சொல்றாங்களே, சட்டமா?
— ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: இல்ல சார். நம்பர் கேட்டு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 2023 மே மாசமே மத்திய நுகர்வோர் துறை கடைகளுக்கு சொல்லிடுச்சி. "நம்பர் வேணாம், பேப்பர் பில் குடுங்க"ன்னு சொல்லுங்க. கம்ப்யூட்டர் எடுத்துக்காதுன்னு அந்தப் பொண்ணு சொல்லும், அதுகிட்ட கோவிச்சிக்காதீங்க பாவம், மேனேஜரக் கூப்பிடச் சொல்லுங்க. அப்பவும் முடியாதுன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் குடுங்க.

கேள்வி: பொண்ணு காலேஜ் அட்மிஷனுக்காக ஆதார் பிடிஎஃப்ப ஜெராக்ஸ் கடை நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி பிரிண்ட் எடுத்தோம். தப்பா?
— ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: தப்புன்னு சொல்ல மாட்டேன் சார், நானும் வருஷக்கணக்கா அப்படித் தான் பண்ணேன். போன மாசம் சத்துவாச்சாரில ஒரு கடைல என் ஃபைல் வரலன்னு கடைத் தம்பி கம்ப்யூட்டர என் பக்கம் திருப்பி, நீங்களே தேடுங்கன்னான். டவுன்லோட் ஃபோல்டர் கீழ போகப் போக முடியவே இல்ல. ஆதார், பான், பேங்க் பாஸ்புக், ஒரு கல்யாணப் பத்திரிகை, யாரோட ஸ்கேன் ரிப்போர்ட்டோ. பக்கத்துல வாட்ஸ்அப் திறந்து கிடக்கு, அதுல ஒவ்வொருத்தரும் பிடிஎஃப்ப அனுப்பிட்டு அதுக்குக் கீழயே பாஸ்வேர்டும் டைப் பண்ணி வெச்சிருக்காங்க. ஆதார் பாஸ்வேர்டு இன்னா, இங்கிலீஷ்ல பேரோட முதல் நாலு எழுத்தும் பொறந்த வருஷமும், அவ்வளவு தான். பேரும் வயசும் தெரிஞ்சவன், யாரும் பாஸ்வேர்டு அனுப்பாமலே திறந்துடுவான். எனக்கு வயித்தக் கலக்கிடுச்சி. அந்தத் தம்பி மேல குத்தம் இல்ல, நாள் முழுக்க தலை தூக்க நேரம் இல்லாத வேலை, ஆனா அந்தக் கம்ப்யூட்டர நாளைக்கு ரிப்பேருக்கு குடுத்தா?

திடீர்னு போன் பண்ணி உங்க பேரு, தெரு, பொறந்த தேதி எல்லாம் சொல்லி "கேஒய்சி முடிக்கணும்மா"ன்னு பேசுறானே, அவனுக்கு இதெல்லாம் எங்க இருந்து போகுதுன்னு நினைக்கிறீங்க?

இப்ப நான் வீட்டுலயே நாலு காப்பி எடுத்து வெச்சிருக்கேன். வெளில எடுக்கணும்னா கடைக்காரர்கிட்ட பணம் நீட்டுறதுக்கு முன்னாடி, "தம்பி, என் ஃபைல அழிச்சிடுப்பா, ரீசைக்கிள் பின்லயும்"னு கேட்டு கூடவே நின்னு பார்க்குறேன். அன்னைக்கும் அதே தான் கேட்டேன். வாட்ஸ்அப்ல இருந்ததையும் அவனே சேர்த்து அழிச்சான், பத்து செகண்ட் கூட ஆகல.