பட்டறை பதில்கள்: டீப்பாய்க்குள் மீன் தொட்டி

போன மாதம் இந்தப் பகுதியில் எங்கள் வீட்டு டீப்பாயைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டேன். மேலே கண்ணாடிப் பலகை, அதற்குக் கீழே மூன்றடி நீள மீன் தொட்டி, சுற்றிலும் வேப்பமரச் சட்டம். தருமபுரியில் என் மரப்பட்டறையில் மிச்சம் மீதியாகக் கிடந்ததை வைத்து நானே செய்தது. ஆசிரியர் வேறு படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டார். அதன் பலன், இந்த மாதம் கதவு இறங்குவது பற்றியோ கட்டில் கிறீச்சிடுவது பற்றியோ ஒரு கடிதம்கூட இல்லை. எல்லாம் மீன்தான்.

கேள்வி: அந்தக் கட்டுரையைப் படித்ததிலிருந்து என் வீட்டுக்காரர் டேப்பும் கையுமாக ஹாலை அளந்துகொண்டிருக்கிறார். எப்படிச் செய்வது என்று எழுதினீர்கள், சரி. அதை வாராவாரம் கழுவப்போவது யார் என்று எழுதவில்லையே?
– ஒரு வாசகி, அரூர்

பதில்: அம்மா, நீங்கள் கேட்டதை என் மனைவி அன்றைக்கே கேட்டிருந்தால் எனக்கு ஒரு கண்ணாடியின் காசு மிச்சமாகியிருக்கும்.

முதலில் நான் செய்த மேல்பலகை நாலுக்கு இரண்டடி, 10 மி.மீ. டஃபன் (சூட்டில் உறுதியாக்கிய) கண்ணாடி, ஒரே துண்டு. பார்க்க ராஜா மாதிரி இருந்தது. எடை 18 கிலோவுக்கு மேல். தொட்டிக்குள் கை விட வேண்டுமென்றால் பேப்பர், டம்ளர், ரிமோட், பையனின் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிச் சுவரில் சாய்க்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேரும் சும்மா இருக்கிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வருவதே இல்லை. மூன்று வாரம் தள்ளிப்போனது. தண்ணீர் பச்சை கட்டி, மீன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று.

சரி, பலகையை இரண்டாக வெட்டிவிடலாம் என்று கண்ணாடிக் கடைக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கடைப் பையன் ஓரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அண்ணே, இது டஃபன். இதுல வீல் வெச்சா கடலை மிட்டாய் மாதிரி பொலபொலன்னு போயிடும்." முப்பது வருஷம் மரவேலை செய்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். டஃபன் கண்ணாடியை அளவு வெட்டி, ஓரம் தேய்த்து, துளை போட்டு, அதற்கப்புறம்தான் சூளைக்கு அனுப்புவார்கள். சூளையிலிருந்து வந்தபின் யாரும் அதைத் தொட முடியாது. புதிதாக இரண்டு துண்டு செய்து வாங்கினேன், ஒவ்வொன்றும் ஒன்பது கிலோ சொச்சம். இப்போது ஒரு கையால் ஒரு பாதியை நகர்த்தினால் போதும், மறுபாதியில் காபி ஆறாமல் இருக்கும். பழைய ராஜா பட்டறையில் பில் எழுதும் மேசைக்கு மேல் கிடக்கிறார்.

அடுத்தது தண்ணீர் மாற்றுவது. வாரம் ஒரு முறை கால் பங்கு மாற்ற வேண்டும். இடுப்புயர ஸ்டாண்டில் இருக்கும் தொட்டியில் குழாயைப் போட்டு, மறுமுனையைத் தரையில் இருக்கும் பக்கெட்டில் விட்டால், கழிவையும் சேர்த்துச் சர்ரென்று இழுக்கும். டீப்பாயில் அது நடக்காது. தண்ணீர் மட்டமே தரையிலிருந்து ஒன்றேகால் அடிதான், பக்கெட்டின் உயரம் ஒரு அடி. பக்கெட் நிரம்ப நிரம்ப ஓட்டம் நூலாகிவிடும், கூழாங்கல்லுக்கு இடையே இருக்கும் அழுக்கு அசையவே அசையாது. நான் செய்வது இது: நீளமான குழாயை ஹாலிலிருந்து திண்ணை வழியாக வாசல் படிக்குக் கீழே விட்டுவிடுவேன். வாசல் எங்கள் வீட்டில் இரண்டடி தாழ்வு, இழுப்பு நன்றாக இருக்கிறது. மீன் தண்ணீர் முருங்கைக்கு நல்ல உரம். மாடி வீடாக இருந்தால் ஏர்கூலரில் போடும் சின்னப் பம்பைத் தொட்டிக்குள் இறக்கிப் பக்கெட்டுக்கு ஏற்றலாம். அந்த நேரத்தில் மட்டும் கை தண்ணீருக்குள் இருக்கக் கூடாது.

ஆகவே உங்கள் வீட்டுக்காரர் டேப்பைப் பிடிக்கும்போது நீங்கள் ஒரு பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சைக் கையில் கொடுத்து, "இது அடி மூலை வரை எப்படிப் போகும், காட்டுங்கள்" என்று கேளுங்கள். அவர் காட்டிய பிறகு மரம் வாங்கலாம்.

கேள்வி: அண்ணா, நான் தொட்டியை இரண்டடி உயரத்தில் செய்யலாம் என்றிருக்கிறேன். பெரிதாகத் தெரியும் அல்லவா? மொத்தம் எவ்வளவு எடை வரும்? கண்ணாடி 5 மி.மீ. போதுமா?
– பாலக்கோடு வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. இரண்டடித் தொட்டிக்கு மேல் பலகை போட்டால் அது டீப்பாய் இல்லை, பெட்டிக்கடை. சோபாவில் உட்கார்ந்தவருக்கு டம்ளர் மூக்குக்கு நேராக வரும்.

கண்ணாடியின் கணக்கு நீளத்தைவிட உயரத்தால்தான் எகிறும். மூன்றடி நீளத் தொட்டியில் பத்து அங்குலம் தண்ணீர் நின்றால், முன்பக்கக் கண்ணாடியை அது ஏறக்குறைய 30 கிலோ பலத்தில் வெளியே தள்ளுகிறது. அதையே இருபது அங்குலமாக்கினால் 60 ஆகாது, கிட்டத்தட்ட 120 ஆகும். உயரம் இரட்டித்தால் தள்ளுவது நாலு மடங்கு. அதனால் என் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரம், 8 மி.மீ. கண்ணாடி. தாழ்ந்து அகன்ற தொட்டியில் தண்ணீர்ப் பரப்பு அதிகம், மீனுக்கும் மூச்சுக்கு நல்லது.

எடை: ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம். பத்து அங்குலம் நிரப்பினால் சுமார் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. தொட்டிக் கண்ணாடி 25, மேல்பலகை 18, கூழாங்கல், சட்டம் எல்லாம் சேர்த்து 170, 180 கிலோவில் வந்து நிற்கும். மூன்று பெரியவர்கள் நெருக்கி உட்கார்ந்த மாதிரி. கான்கிரீட் தளத்துக்கு இது பெரிய பாரமில்லை. ஆனால் வைத்த இடம் வைத்த இடம்தான். போகிக்கு வெள்ளையடிக்க நகர்த்தலாம் என்று நினைக்காதீர்கள். பக்கத்துச் சுவரில் பிளக் இருக்கிறதா, நேர் வெயில் விழுகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பாரத்தை மரம் சுமக்க வேண்டாம். வெல்டிங் பட்டறையில் ஒன்றரை அங்குல ஸ்கொயர் டியூபில் ஒரு சட்டம் அடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேலே 18 மி.மீ. மரைன் பிளைவுட். 710 என்று முத்திரை இருக்க வேண்டும். கடைக்காரர் 303 கொடுத்து "இதுவும் வாட்டர்புரூப்தான்" என்பார், வாங்காதீர்கள். பார்ட்டிக்கிள் போர்டு என்றால் பேச்சே இல்லை, ஒரு மழைக்காலத்தில் பொங்கிய பன் மாதிரி ஆகிவிடும். பிளைவுட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே அரை அங்குலத் தெர்மாகோல். ஒரு மணல் துணுக்கு அடியில் மாட்டினாலும் கண்ணாடிக்கு அது ஆணி.

மேல்பலகை தொட்டியின் விளிம்பில் உட்காரக் கூடாது. சட்டத்தில் ரப்பர் புஷ் வைத்து அதன்மேல் உட்கார வேண்டும், நடுவே ஒரு அங்குலம் காற்றோட்டம். அது இல்லாவிட்டால் கண்ணாடியின் அடியில் வியர்த்து, மீனுக்குப் பதில் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: எங்கள் தோப்பில் வயதான மாமரம் இரண்டை வெட்டினோம். அதில் செய்யலாமா?
– காவேரிப்பட்டணம்

பதில்: ஈரத்துக்குப் பக்கத்தில் மாமரம் கறுக்கும், பூச்சியும் விரும்பி வரும். நன்றாக உலர்த்தி, மருந்தடித்து, வெளியே தெரிகிற பலகைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சட்டம் இரும்பே இருக்கட்டும்.

கேள்வி: கடையில் கேட்டு நல்ல சிலிக்கானாகத்தான் வாங்கி ஒட்டினேன். மூன்றாம் நாளே ஒரு மூலையில் கசிவு. மேலேயே இன்னொரு கோட் அடித்தேன், நிற்கவில்லை.
– பென்னாகரம் வாசகர்

பதில்: நிற்காது. காய்ந்த சிலிக்கான்மேல் புதுச் சிலிக்கான் சரியாகப் பிடிக்காது. பிளேடால் பழையதை முழுக்கச் சுரண்டி எடுங்கள். கண்ணாடி ஓரத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் விரல்கூடப் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசையே போதும், ஒட்டு விட்டுவிடும்.

டியூபில் மீன் தொட்டிக்கு என்று போட்டிருக்க வேண்டும். அடிக்கும்போது வினிகர் நெடி வருகிற வகை அது. பாத்ரூமுக்கு விற்பதில் பூஞ்சைக்கு மருந்து கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது. இன்னொரு தப்பு, எல்லாரும் செய்வது: கண்ணாடியை அழுத்தி அழுத்திச் சிலிக்கானை முழுக்கப் பிதுக்கிவிடுவது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு மில்லிமீட்டராவது அது இருக்க வேண்டும், பலமே அதில்தான். இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரே இழுப்பில் அடித்து, ஈர விரலால் ஒரு முறை வழித்து, தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள்.

ஒரு வாரம் காயவிடுங்கள். அப்புறம் வாசலில் நாளிதழ் விரித்து, மட்டமான பலகைமேல் தொட்டியை வைத்து, நிரப்பி இரண்டு நாள் பாருங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாள் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணீரும் வருகிறது, வீட்டில் போரும் இருக்கிறது. எதை ஊற்றுவது?
– தருமபுரி

பதில்: நம் மாவட்டத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் 2013இல் ஒகேனக்கல் திட்டமே வந்தது. மீன் தொட்டியில் கண்ணுக்குத் தெரிகிற தொல்லை போர் தண்ணீரின் உப்பு. தண்ணீர் வற்ற வற்றக் கண்ணாடியில் வெள்ளைக் கோடு கோடாகப் படியும், எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்த்தால்தான் போகும். நான் ஒகேனக்கல் தண்ணீரையே ஊற்றுகிறேன். அதில் குளோரின் கலந்து விடுகிறார்கள், அதனால் அகலமான டிரம்மில் திறந்தபடி ஒரு நாள், ஒன்றரை நாள் வைத்துவிட்டு எடுப்பேன். அவசரமென்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் கேட்டு வாங்கி இரண்டு சொட்டு விடலாம். இன்று இது, அடுத்த வாரம் அது என்று மாற்றாதீர்கள். மீனுக்குத் திடீர் மாற்றம்தான் ஆகாது.

முதல் நாளே மீனை விட்டுவிடாதீர்கள். மீனின் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்று மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேற நாலு வாரம், ஆறு வாரம் ஆகும். முதலில் கப்பி என்கிற குட்டி மீன் இரண்டு. அவை நன்றாக இருந்தால் மாதம் கழித்து மற்றவை.

கேள்வி: எல்லாம் சரியாகத்தான் செய்தேன் சார். மூன்று மாதம் நன்றாக இருந்தது. மழை ஆரம்பித்ததும் ஒரு காலையில் எட்டு மீன் மிதந்தன. திரும்ப வாங்கி விட்டேன், பத்தே நாளில் மறுபடி. தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கிறது.
– மத்தூர் வாசகி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசியில் ஏர் பம்பை "டீப்பாய்க்கு அடியில் பிளக் பாக்ஸ் பக்கத்தில்" வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிளக் பாக்ஸில் வேறு என்ன செருகியிருக்கிறீர்கள்? மழைக்காலம் என்கிறீர்களே, கொசு லிக்விட்டா?

இது எனக்கும் நடந்தது, அதனால்தான் கேட்கிறேன். கொசு லிக்விட், சுருள், ஸ்பிரே மூன்றிலும் இருக்கும் மருந்து மனிதருக்குச் செய்யும் கெடுதியைவிட மீனுக்குப் பல மடங்கு பொல்லாதது. ஏர் பம்ப் பக்கத்திலிருக்கும் காற்றை உறிஞ்சி, ராத்திரி முழுக்கத் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது. நாமே ஊட்டிவிடுகிற மாதிரிதான். கொசுவலைக்கு மாறுங்கள். அது முடியாதென்றால் லிக்விட்டை வேறு அறைக்குக் கொண்டுபோய், பம்பை ஜன்னல் பக்கம் வையுங்கள். தண்ணீரில் பாதியை மாற்றிவிட்டு ஒரு வாரம் பொறுத்து மீன் விடுங்கள்.

இன்னொன்று. டீப்பாயில் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழேதான் இருக்க முடிகிறது. கரண்ட் போனால் அந்தச் சின்னக் குழாய் வழியாகவே தண்ணீர் பின்னால் வழிந்து பம்புக்குள்ளும் பிளக் பாக்ஸிலும் இறங்கும். குழாயின் நடுவே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு செருகுங்கள், சுண்டு விரல் நுனியளவு பிளாஸ்டிக்தான். பிளக் பாக்ஸைத் தரையில் போடாமல் சட்டத்தில் உயர்த்தி மாட்டுங்கள். வயர் ஒருமுறை தொங்கிவிட்டு மேலேறிப் பிளக்குக்குப் போகட்டும், வயர் வழியே வரும் சொட்டு தொங்கலில் விழுந்துவிடும். வீட்டு மெயினில் இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் டீப்பாயை அப்புறம் செய்யுங்கள், முதலில் அதை மாட்டுங்கள்.

கேள்வி: பாரூர் ஏரிப் பக்கம் ஜிலேபி மீன் குஞ்சு சும்மாவே கிடைக்கிறது. காசு கொடுத்து கப்பி எதற்கு?
– போச்சம்பள்ளி

பதில்: ஜிலேபி ஒன்றையொன்று கடித்துத் துரத்தும், கல்லையெல்லாம் கிளறும், கிடுகிடுவென்று வளரும். சில மாதத்தில் குழம்புக்குத் தேறும், டீப்பாய்க்குத் தேறாது. ரோகு, கட்லாவும் அப்படித்தான். இந்தத் தொட்டியை மேலிருந்துதான் பார்க்கப்போகிறீர்கள். பக்கவாட்டில் அழகான மீன் மேலிருந்து வெறும் கோடாகத் தெரியும். ஆண் கப்பி பதினைந்து விடலாம், வால் விசிறி மாதிரி தெரியும். தங்க மீனில் ராஞ்சு என்ற வகையை மேலிருந்து பார்ப்பதற்கென்றே வளர்த்தெடுத்திருக்கிறார்கள். நூறு லிட்டருக்கு இரண்டு போதும், கழிவு ஜாஸ்தி. ஓசூர்க்காரர்கள் மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். தங்க மீன் என்றால் வேண்டாம்.

கேள்வி: தாத்தா, அந்த டீப்பாய் மேல் வைத்து ஹோம்வொர்க் எழுதலாமா?
– ஆறாம் வகுப்பு, ஊத்தங்கரை

பதில்: எழுதலாம் கண்ணு, கண்ணாடியைத் தட்டாமல். ஆனால் எழுதி முடிக்க மாட்டாய். எங்கள் வீட்டில் பெரியவர் முறுக்கு தின்னும்போது இடைவெளியில் தூள் விழுந்து விழுந்து, இப்போது யார் கை மேலே வந்தாலும் இரண்டு மீனும் வாயைத் திறந்துகொண்டு வந்துவிடுகின்றன. பென்சிலைக் கண்டாலும் அப்படித்தான். முறுக்குத் தூளால் தண்ணீர் இரண்டு நாள் கலங்கிக் கிடந்தது என்பதால், போன வாரம்தான் இடைவெளி முழுக்கக் கொசுவலைத் துண்டு ஒட்டினேன். பெரியவருக்குக் கோபம், பேச்சில்லை.