வாசகர் கேள்வி - பதில்: பெட்டிக்கடையில் வேப்

கேள்வி: எங்கள் கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள கடையில் முதலாண்டு மாணவர்களுக்கு வேப் (பேட்டரியில் இயங்கும் இ-சிகரெட்) விற்கிறார்கள். சிலருக்கு 17 வயதுதான். '18 வயதுக்குக் கீழே விற்பதில்லை' என்று போர்டு வைக்கச் சொன்னோம். வைத்தார்கள், விற்பனை நிற்கவில்லை. (பேராசிரியை, திருச்சி)

பதில்: அந்த போர்டைக் கழற்றச் சொல்லுங்கள். 18 தாண்டியவருக்கு விற்கலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிட்டது. வயதுக் கணக்கெல்லாம் சிகரெட்டுக்கு. இ-சிகரெட்டை இந்தியாவில் எந்த வயதுக்காரருக்கும் விற்க முடியாது. 2019-ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

புகார்கள் புஸ்வாணமாவது இங்கேதான். 'கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கிறார்' என்று எழுதினால் அது 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவுக்குப் போகும். அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். கடைக்காரருக்கு அது டீச்செலவு! வேப் என்று குறிப்பிட்டு, 2019 சட்டத்தின் 4-ஆவது பிரிவு என்று எழுதுங்கள். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். தூரம் அளக்கவே வேண்டாம்.

புகாரைக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். சோதனை போட சப்-இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் உண்டு. விற்கும் நேரம், சரக்கு எங்கிருந்து எடுத்துத் தரப்படுகிறது, பொருள் எப்படி இருக்கும் என்பதை எழுதுங்கள். பென் டிரைவ், ஹைலைட்டர் பேனா போலவே வருவதால், தேடி வருபவர் கண்ணெதிரே இருந்தும் விட்டுவிடுவார். சாட்சிக்காக மாணவரை அனுப்பி வாங்க வைக்காதீர்கள்.

'நிகோடின் இல்லை, வெறும் மாம்பழ ஃபிளேவர்' என்பார் கடைக்காரர். சட்டத்தின் விளக்கத்திலேயே 'நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்று இருக்கிறது.

கேள்வி: விடுதியில் பறிமுதல் செய்த வேப்களை என்ன செய்வது? (வார்டன், கோவை)

பதில்: இழுப்பறையில் சேர்க்காதீர்கள், இருப்பு வைக்க இடம் கொடுப்பதற்கே 5-ஆவது பிரிவில் தடை இருக்கிறது. எண்ணிக்கை எழுதி, போலீஸில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். குப்பையிலும் வேண்டாம், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது; நசுங்கினால் தீப்பிடிக்கும். பையனுக்கு 1800-11-2356 எண்ணைக் கொடுங்கள், புகையிலைப் பழக்கத்தை விட உதவும் இலவச எண்.