இழுப்பறைக்குள் போன திரைக்கண்ணாடி: வாங்கியவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஈசூன் வாசகர்): ஆண்டிறுதித் தள்ளுபடியில் 600 சிங்கப்பூர் வெள்ளிக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து, கைப்பேசியில் செருகிப் படம் பார்க்கும், மூக்குக்கண்ணாடிபோல் மாட்டிக்கொள்ளும் ஏஆர் (மிகை மெய்ம்மை) திரைக்கண்ணாடி ஒன்றை வாங்கினேன். 130 அங்குலத் திரை என்று விளம்பரம் சொன்னது. எனக்கோ மேசைக் கணினியின் திரை அளவுதான் தெரிகிறது. விளிம்புகள் மங்கலாக இருக்கின்றன. கறுப்பு, கறுப்பாகவே தெரிவதில்லை. அரைமணி நேரத்தில் மூக்கு வலிக்கிறது. பழைய பொருள்களை விற்கும் கேரோசல் தளத்தில் விற்றுவிட்டுப் புதிய மாதிரி வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு விற்க வேண்டாம். நீங்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை கண்ணாடி உங்கள் முகத்தில் உட்காரும் விதத்திலிருந்தும், நீங்கள் அதைப் பார்க்கும் இடத்திலிருந்தும் வருபவை. புதிய மாதிரியை வாங்கினாலும் அவை கூடவே வரும்.

முதலில் அந்த 130 அங்குலக் கணக்கு. இவ்வகைக் கண்ணாடிகள் பலவற்றில் படம் கண்ணுக்குச் சுமார் 4 மீட்டர் தொலைவில் இருப்பதுபோல் தெரியுமாறு ஒளியமைப்பு செய்யப்பட்டிருக்கும். பார்வைக் கோணம் மூலைக்கு மூலை ஏறக்குறைய 46 பாகை. 4 மீட்டரில் 130 அங்குலத் திரை எவ்வளவு இடத்தை அடைக்குமோ, கிட்டத்தட்ட அதே இடத்தைத்தான் 72 சென்டிமீட்டரில் வைத்த 24 அங்குலக் கணினித் திரையும், 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் உள்ள 65 அங்குலத் தொலைக்காட்சியும் அடைக்கின்றன. ஆகவே உங்கள் கண்கள் உங்களை ஏமாற்றவில்லை. விளம்பரமும் பொய் சொல்லவில்லை, தூரத்தை மட்டும் சிறிய எழுத்தில் போட்டுவிட்டது. திரை பெரிதாகத் தோன்றுவதும் தோன்றாததும் அதன் பின்னால் என்ன தெரிகிறது என்பதையும் பொறுத்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் படுக்கையறையில் ஒரு மீட்டர் தள்ளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால், மூளை அந்தச் சுவரை வைத்து அளவெடுத்துத் திரையைச் சுருக்கிவிடும். கூடத்தின் நீளவாக்கில் பார்த்து உட்காருங்கள், அல்லது விளக்கை அணைத்துவிடுங்கள். அதே திரை வளர்ந்ததுபோல் தோன்றும்.

கறுப்பு தெரியாமைக்கும் காரணம் உண்டு. கண்ணாடியின் மேற்புறத்தில் உள்ள சிறு ஓஎல்இடி திரைகளின் ஒளி, பாதி ஊடுருவும் வளைந்த ஆடியில் பட்டு உங்கள் கண்ணுக்கு வருகிறது. வெளியுலகின் ஒளியும் அதே வழியாக உள்ளே வருகிறது. இந்த அமைப்பால் ஒளியைக் கூட்ட முடியுமே தவிர, வெளியிலிருந்து வருவதை அழிக்க முடியாது. கறுப்பு என்பது இங்கே ஒளி இல்லாத இடம், அதாவது எதிர்ச்சுவர் தெரியும் சன்னல். இதற்காகவே முன்பக்கம் மாட்டும் கறுப்பு மூடி ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கிறார்கள். பலர் அதைப் பயணப் பாதுகாப்புக்கானது என்று நினைத்து எடுத்து வைத்துவிடுகிறார்கள். பகலில் படம் பார்க்கும்போது அதை மாட்டிக்கொள்ளுங்கள். சில மாதிரிகளில் பொத்தானை அழுத்தினால் கண்ணாடியே கருமையாகும். அப்போதும் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவது நல்லது.

விளிம்பு மங்கலும் மூக்கு வலியும் பெரும்பாலும் ஒரே கோளாறுதான். படம் முழுவதும் கூர்மையாகத் தெரிய, கண் ஒரு சிறிய எல்லைக்குள் இருக்க வேண்டும். நம்மில் பலருக்கும் மூக்குத்தண்டு தாழ்வாக இருப்பதாலும், இந்த ஊர் வியர்வையில் எந்தக் கண்ணாடியும் வழுக்குவதாலும், திரைக்கண்ணாடி இரண்டு மில்லிமீட்டர் சரிந்தாலே மேல் விளிம்போ கீழ் விளிம்போ கலங்கிவிடும். பெட்டியில் பொதுவாக வெவ்வேறு அளவுகளில் மூக்குப் பட்டைகள் இருக்கும். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு படத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பட்டையையும் மாற்றிப் பாருங்கள். காதுத்தண்டின் சாய்வை மாற்ற முடியுமானால் அதையும் ஒவ்வொரு நிலையிலும் சோதியுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவு தெளிவாகத் தெரியும் சேர்க்கை கிடைக்கும்வரை இதைச் செய்யலாம். அதன் பிறகும் ஓரம் கலங்கினால், உங்கள் மாதிரி அனுமதித்தால், அமைப்பில் திரையின் அளவை ஒரு படி குறைத்துவிடுங்கள். பத்து விழுக்காடு சிறிய, முழுக்கத் தெளிவான திரையே மேல்.

புதிய மாதிரியைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்ரியல் ஒன் புரோ போன்றவற்றில் கோணம் 57 பாகை. ஆனால் ஒரு கண்ணுக்குரிய படப்புள்ளிகள் பழைய மாதிரிகளைப் போலவே 1920-க்கு 1080. அதே புள்ளிகளை அகலமாக விரிப்பதால், 46 பாகையில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 48 இருந்த புள்ளிகள் 39-க்கு இறங்குகின்றன. படத்துக்கு அது பரவாயில்லை. எழுத்து வாசிக்க முன்னேற்றம் இல்லை. தலையைத் திருப்பினாலும் திரை ஒரே இடத்தில் நிற்கும் வசதி, கைப்பேசிச் செயலியின் உதவியில்லாமல் கண்ணாடியிலேயே இருப்பதுதான் என் பார்வையில் கூடுதல் பணத்துக்கு உரிய மாற்றம். அது உங்களுக்குத் தேவையா என்று பட்டைகளைச் சரிசெய்து இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி (தெம்பனிஸ் வாசகி, வயது 57): எனக்கு இரு கண்களிலும் மைனஸ் 3 கிட்டப்பார்வை, கொஞ்சம் சிலிண்டர் (சிதறல் பார்வைக்கான பவர்), அதோடு வெள்ளெழுத்தும் உண்டு. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸாக இருக்கும் புரொகிரெசிவ் கண்ணாடி அணிகிறேன். பவர் சக்கரம் உள்ள மாதிரியை வாங்கினால் வேறு லென்ஸே தேவையில்லை என்று கடைக்காரர் சொல்கிறார். சரியா?

பதில்: பாதி சரி. விட்சர் புரோவில் மைனஸ் 5 வரையிலும், ரோகிட் மேக்ஸில் மைனஸ் 6 வரையிலும் சக்கரத்தைத் திருப்பிக் கிட்டப்பார்வையைச் சரிசெய்யலாம். உங்கள் மைனஸ் 3 அதற்குள் அடங்கும். ஆனால் சக்கரம் சிலிண்டரைத் தொடாது. பிளஸ் பவருக்கும் உதவாது. சிலிண்டர் பவர் 0.5 என்றால் சமாளிக்கலாம். அதற்குமேல் போனால் எழுத்துகளுக்கு நிழல் விழும், தலை வலிக்கும். அப்படியானால் உள்ளே பொருத்தும் லென்ஸ் சட்டத்தை வாங்கி, உங்களுக்கு வழக்கமாகக் கண்ணாடி செய்து தரும் கடையிலேயே லென்ஸை வெட்டிப் போடச் சொல்லுங்கள். எக்ஸ்ரியல் ஏர் போன்ற, சக்கரமில்லாத மாதிரிகளுக்கு இதுதான் வழி.

கடையில் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: படம் சில மீட்டர் தொலைவில் தோன்றுவதால் தூரப் பவர் மட்டும் போதும், வெள்ளெழுத்துக்கான பவரைச் சேர்க்க வேண்டாம். புரொகிரெசிவ் கண்ணாடியின் மேலேயே இதை மாட்டிக்கொள்வது சரிவராது; திரை கண்ணைவிட்டு விலகிப் போவதோடு, திரையின் கீழ்ப்பகுதியை, லென்ஸில் கிட்டப் பார்ப்பதற்கான பகுதி வழியாகப் பார்க்க நேரலாம். இரு கருவிழிகளுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

மைனஸ் 3-இல் உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. வெறும் கண்ணுக்குச் சுமார் 33 சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரியும் என்பதால், திரைக்கண்ணாடியின் கீழ் இடைவெளி வழியாகக் கைப்பேசியைப் பார்த்து அடுத்த பாட்டை மாற்றிவிடலாம். கண்ணாடியே போடாத உங்கள் வயதுக்காரருக்கு அது முடியாது.

இரட்டையாகத் தெரிந்தால் பழகிவிடும் என்று பொறுத்துக்கொண்டிருக்காமல், நிறுத்திவிட்டுப் பார்வைப் பரிசோதகரிடம் செல்லுங்கள்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட் வாசகர்): கண்ணாடியைச் செருகினால் என் சாம்சுங் ஏ வரிசைக் கைப்பேசியில் எதுவுமே தெரியவில்லை. நண்பரின் கைப்பேசியில் வேலை செய்கிறது.

பதில்: துளையின் வடிவம் ஒன்றுதான், அதன் வழியே வருவது வேறு. யூஎஸ்பி-சி துளையில் ‘டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற காணொளி வெளியீடு இருந்தால்தான் கண்ணாடியில் படம் தெரியும். சாம்சுங்கின் எஸ் வரிசையில் அது உண்டு. ஏ வரிசையில் பெரும்பாலும் இல்லை. ஐபோனில் 15-ஆம் வரிசை முதல் உண்டு. அதற்கு முந்தைய லைட்னிங் துளை உள்ளவற்றுக்கு எச்டிஎம்ஐ மாற்றி ஒன்றும், அதைக் கண்ணாடிக்கேற்ப மாற்றும் இன்னொன்றும் தேவைப்படும். அந்தத் தொங்கல்களோடு யாரும் ஒரு மாதத்துக்குமேல் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. மடிக்கணினியில் தண்டர்போல்ட் குறி உள்ள துளையில் செருகுங்கள். வாங்கப் போகிறவர்கள் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போனாலும் வேறெங்கே போனாலும் சொந்தக் கைப்பேசியைச் செருகிப் பார்த்துவிட்டே பணத்தை எடுங்கள்.

கேள்வி (பொங்கோல் வாசகர்): பெருவிரைவு ரயிலில் திரையை நிலைநிறுத்தி வைத்தால் அது பக்கவாட்டில் நழுவிப் போகிறது. கைப்பேசி மின்கலமும் விரைவாகத் தீர்கிறது. தீபாவளிக்குச் சென்னை போகும் விமானத்திலும் இப்படித்தான் இருக்குமா?

பதில்: திரையை ஒரே இடத்தில் நிறுத்துவது, கண்ணாடியில் உள்ள சுழற்சி உணரி. ரயில் வளைவில் திரும்பும்போது, உங்கள் தலை திரும்பியதாகவே அது எடுத்துக்கொண்டு, திரையைப் பழைய திசையிலேயே விட்டுவிடுகிறது. வாகனத்தில் நிலைநிறுத்தலை அணைத்து, திரை தலையோடு வரும் முறையில் வையுங்கள். ஒலிக்குக் கண்ணாடியின் ஒலிபெருக்கியை நம்பாமல் காதொலிப்பானைக் கைப்பேசியோடு இணைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கைக்காரருக்கு உங்கள் படத்தின் வசனம் வேண்டியதில்லை.

இவ்வகைக் கண்ணாடிகள் பெரும்பாலானவற்றில் மின்கலம் கிடையாது. முழு மின்சாரமும் கைப்பேசியிலிருந்தே போகிறது. கண்ணாடிக்கும் மின்னூட்டிக்கும் ஒரே நேரத்தில் இடம்தரும் சிறு இணைப்பி ஒன்றை வாங்குங்கள். இந்தக் கண்ணாடிக்காகச் செலவு செய்ய வேண்டிய ஒரே துணைப்பொருள் அதுதான் என்பேன். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் பவர் பேங்கைப் பயன்படுத்திக் கைப்பேசிக்கு மின்னேற்றக் கூடாது என்பதால், இருக்கையில் உள்ள மின் துளையை மட்டும் எண்ணித் திட்டமிடுங்கள். அது இல்லாத இருக்கை அமைந்தாலும் சுமார் நான்கு மணி நேரப் பயணம்தானே. முழு மின்னேற்றத்தோடு ஏறி, முன்பே பதிவிறக்கி வைத்த ஒரு படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி (தோ பாயோ வாசகி): இங்குள்ள கடை ஒன்றில் வாங்கி நான்கு மாதமாகிறது. இடக்கண் திரையில் ஒரு பச்சைக் கோடு விழுந்துவிட்டது. ‘ஏழு நாளுக்குப் பிறகு நாங்கள் பொறுப்பில்லை, வெளிநாட்டில் உள்ள தயாரிப்பாளருக்கு உங்கள் செலவில் அனுப்புங்கள்’ என்கிறார்கள்.

பதில்: கடையின் ஏழு நாள் விதி, மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவர்களுக்குப் பொருந்தலாம், பழுதான பொருளுக்குப் பொருந்தாது. ‘லெமன் சட்டம்’ என்று இங்கே வழங்கும், 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது, வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அப்படியில்லை என்று மெய்ப்பிப்பது கடைக்காரரின் பொறுப்பு. அவர் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும். நியாயமான காலத்துக்குள் அது நடக்காவிட்டால், விலையில் ஒரு பகுதியை அல்லது முழுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ரசீதில் என்ன அச்சடித்திருந்தாலும் இந்த உரிமை போகாது. நீங்களே கீழே போட்டு உடைத்ததற்கு மட்டும் இது உதவாது.

பழுது ஆறு மாதத்துக்குள் தெரியவந்தது என்பதற்குச் சான்று வேண்டும் என்பதால் இன்றே செயல்படுங்கள். கைப்பேசிக் கேமராவைக் கண்ணாடியின் உட்புறத்தில் கண் இருக்கும் இடத்தில் வைத்து, வெள்ளைப் படத்தைக் காட்டி அந்தக் கோட்டைப் படமெடுங்கள். வேறொரு கைப்பேசியில் செருகியபோதும் கோடு இருப்பதையும் படமெடுங்கள். ‘உங்கள் கைப்பேசியின் கோளாறு’ என்ற பதிலுக்கு அது தடை. ரசீது நகலோடு கடைக்கு எழுத்தில் அனுப்பி, பதிலுக்கு ஒரு நாள் குறியுங்கள். பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அடுத்து சிறு கோரிக்கை நடுவர் மன்றம்: அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, இரண்டு ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமலேயே முன்வைக்கலாம்.

வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கியிருந்தால் இதே உரிமையை நிலைநாட்டுவது நடைமுறையில் மிகக் கடினம். அங்கே விலை குறைவு என்று தோன்றும்போது, 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும், பழுதானால் திருப்பி அனுப்பும் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்த பிறகு ஒப்பிடுங்கள்.