மறியல் வழக்கும் கறுப்புக் கோட்டும்

அன்புள்ள ஐயா,

ஏற்காடு பக்கத்தில் ஒரு மலைக் கிராமம் என் ஊர். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். இந்த ஆண்டு சட்டப் படிப்பை முடித்தேன். 2022-ல் ஊருக்குத் தார்ச்சாலை கேட்டு மறியல் செய்தபோது என் பெயரையும் சேர்த்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதக் கூட்டம்), 341 (வழிமறித்தல்) பிரிவுகளில் வழக்குப் போட்டார்கள். இன்றுவரை குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள பார் கவுன்சிலுக்குத் தரும் விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்கிறார்கள். "எழுதாதே, யாருக்குத் தெரியப் போகிறது" என்கிறார் ஒரு சீனியர். ஊருக்காகச் சாலையில் உட்கார்ந்தவனிடம் ஒழுக்கத்தைப் பற்றிக் கேட்பது நியாயமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

எழுதிவிடுங்கள். முக்கியமான தகவலை மாற்றிச் சொல்லிப் பதிவு பெற்றவரின் பெயரை நீக்க வழக்கறிஞர்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. நாலு கட்சிக்காரர்கள் உங்களை நம்பி வந்த பிறகு அது நடந்தால் உங்களோடு அவர்களும் நடுத்தெருவில் நிற்பார்கள். மறியல் உங்கள் மேல் கறை இல்லை. மறைத்தால் அதுதான் கறை.

கேட்பது நியாயம்தான். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தன் நிலப் பத்திரத்தை உங்கள் கையில் கொடுத்து, வக்காலத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போவார். நீங்கள் எப்படிப்பட்டவர் என்று அவரால் விசாரிக்க முடியாது. அவருக்காக யாராவது விசாரித்தாக வேண்டும்.

ஆனால் எதை விசாரிப்பது? அதே சட்டத்தில் 1973-ல் சேர்க்கப்பட்ட 24ஏ பிரிவு தெளிவாகவே இருக்கிறது. ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர், அதே காரணத்துக்காக அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், தீண்டாமைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் ஆகியோரைப் பதிவு செய்யக் கூடாது. தீண்டாமையைத் தனியாகப் பெயர் சொல்லி அதில் வைத்தார்களே, அதற்காகவே எனக்கு அந்தப் பிரிவின் மேல் மரியாதை உண்டு. சக மனிதனைத் தள்ளி நிறுத்துகிறவன் நீதிமன்றத்தில் யாருக்காக எழுந்து நின்று பேசுவான்?

அந்தத் தடையும் விடுதலையாகி இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிடுகிறது. இங்கேதான் எனக்கு வருத்தம். ரவுடிகள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறார்கள் என்ற கவலையில், குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவர்களைப் பதிவு செய்ய வேண்டாம் என்று 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சிலவகைச் சிறு வழக்குகளுக்கு விலக்கு தந்தார்கள். கவலை உண்மையானது, நானும் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் தண்டனை முடித்தவர் இரண்டு ஆண்டில் உள்ளே வரலாம், தீர்ப்பே வராதவர் வழக்கு முடியும்வரை வெளியே நிற்க வேண்டும் என்பது எப்படிச் சரியாகும்? எஃப்.ஐ.ஆர். என்பது போலீஸ் எழுதிய முதல் தகவல், அவ்வளவுதான்.

நம் சேலத்து வக்கீல் விஜயராகவாச்சாரியாரை நினைத்துக்கொள்ளுங்கள். 1882 சேலம் கலவரத்தைத் தூண்டினார் என்று அவருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனையே விதித்தார்கள். மேல்முறையீட்டில் விடுதலையானார். 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். குற்றம் சாட்டப்பட்டதை மட்டும் வைத்து அவருடைய ஒழுக்கத்தை எடை போட்டிருந்தால் இந்த ஊர் எவ்வளவு இழந்திருக்கும்!

சரி, உங்கள் வழக்குக்கு வருவோம். 143-க்கு அதிகபட்சத் தண்டனை ஆறு மாதம், 341-க்கு ஒரு மாதம். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை. இவ்வளவு சிறிய குற்றங்களில், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டாவிட்டால், ஓராண்டுக்குப் பிறகு நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க முடியாது. உங்களுக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. அமைதியாகப் போராடியதைச் சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்லிவிட முடியாது என்று 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி, வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். விண்ணப்பத்தில் நடந்ததை நடந்தபடி எழுதி, எஃப்.ஐ.ஆர். நகலையும் மனு எண்ணையும் சேர்த்து வையுங்கள். உங்களோடு பெயர் சேர்க்கப்பட்ட ஊர்க்காரர்களையும் அதே மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெயரிலும் அந்த வழக்கு இன்னும் நிற்கிறது.