"எரியாது" என்று சொல்லி விற்கிறார்கள்

கேள்வி: "இந்த வயர் எரியாது" என்று கடைக்காரர் லைட்டரைப் பிடித்துக் காட்டினார். லைட்டரை எடுத்ததும் அணைந்துவிட்டது. நம்பி வாங்கலாமா? – மாங்குளம்

பதில்: அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வயர் உறை பிவிசி என்ற பிளாஸ்டிக். அதில் இயல்பாகவே குளோரின் இருப்பதால் மலிவான வயரும் பெரும்பாலும் தானாக அணையும். உள்ளே செம்பு போதிய தடிப்பா என்பதை லைட்டர் சொல்லாது. மெல்லிய கம்பியில் தண்ணி மோட்டரை ஓட்டினால் சூடு உள்ளிருந்தே கிளம்பும். எஸ்எல்எஸ் என்ற இலங்கைத் தர முத்திரையையும், செம்பின் தடிப்பைச் சொல்லும் சதுர மில்லிமீற்றர் அளவையும் பாருங்கள்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் கோட் இரண்டு மாதத்தில் உருகி, கீழே கிடந்த பாயும் எரிந்தது. பெட்டியில் "தீ தாங்கும்" என்றுதான் போட்டிருக்கிறது. கடைக்காரர் கையை விரிக்கிறார். – புதுக்குடியிருப்பு

பதில்: பெட்டியில் போட்டதை நம்பினீர்கள், அது உங்கள் பிழை இல்லை. பிளாஸ்டிக் சூடேறினால் வாயு விடும். சுவாலையாக எரிவது அந்த வாயுதான். தீத்தடுப்புச் சேர்மானங்கள் இதைத்தான் குழப்புகின்றன. அலுமினியம் ஐதரொட்சைட் 200 பாகை செல்சியஸ் அளவில் சிதைந்து, சூட்டை உறிஞ்சி நீராவி விடும். பொசுபரசு சேர்ந்தவை மேலே கரிப்படையை உண்டாக்கும். புரோமின் சேர்ந்தவை சுவாலைக்குள் நடக்கும் தாக்கத்தையே அறுக்கும். இவ்வளவு சேர்த்தாலும் பிளாஸ்டிக் எரியாத பொருளாகிவிடாது. பற்றத் தாமதிக்கும், மெல்லப் பரவும். பிள்ளைகளை எழுப்பி வெளியே கொண்டுவர நேரம் கிடைக்கும். அதை "எரியாது" என்று விற்பது பச்சைப் பொய், எனக்கு இதில்தான் தீராத கோபம். பிளாஸ்டிக்கை எரித்துப் பார்க்கும் சோதனையில் "வீ-0" தரம் என்றால், நிமிர்த்திப் பிடித்த துண்டு, நெருப்பை விலக்கிய 10 செக்கனுக்குள் அணைய வேண்டும். கீழே வைத்த பஞ்சைப் பற்றவைக்கும் துளி சொட்டக் கூடாது. உங்கள் பாயில் விழுந்தது அப்படியான துளியாகத்தான் இருக்கும்.

வவுனியாவில் நான் வாங்கிய மல்டி பிளக்கும் துளையைச் சுற்றி மஞ்சளாகி, பிறகு கபிலமாகி, மீன் கருகிய மாதிரி மணத்தது. கழற்றினால் உள்ளே தகடு தளர்ந்து நின்றது. தளர்ந்த இடத்தில்தான் சூடு பிறக்கும்.

உருகிய எக்ஸ்டென்ஷன் கோட்டை வீசிவிடாதீர்கள். பெட்டி, பில், எரிந்த பாயின் படம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுங்கள்.

கேள்வி: சந்தையில் பாதி விலைக்கு மல்டி பிளக். கம்பனிப் பெயரும் இல்லை, பில்லும் இல்லை. வாங்கட்டா? – கிளிநொச்சி

பதில்: வேண்டாம். மேலே உள்ள கடிதத்தைப் படியுங்கள்.

கேள்வி: தகரக் கூரை வெக்கை தாங்க முடியவில்லை. குசினிக்கும் சேர்த்து ரிஜிபோம் அடிக்கலாமா? – ஒட்டுசுட்டான்

பதில்: பொதி கட்ட வரும் ரிஜிபோம் என்ற வெள்ளை நுரைத் தகடு எந்த அறைக்கும் வேண்டாம். பற்றினால் உருகி, எரிந்தபடியே தலையில் சொட்டும். கரும்புகை மூச்சை அடைக்கும். கட்டடத்துக்கென்றே தீத்தடுப்புச் சேர்த்த தகடு இருக்கிறது. தரத்தை எழுத்தில் காட்டினால் படுக்கையறைக்கு வாங்குங்கள். விறகடுப்பு எரியும் குசினிக்கு அதுவும் வேண்டாம், ஜிப்சம் தகடு போடுங்கள்.